கல்கத்தாப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும், அதற்கப்பால் டாலிகஞ்ச், பெஹாலா, சால்ட் லேக் முதலிய பகுதிகளிலும் குடியிருந்துகொண்டு, இம்மாநகரத்துப் பள்ளிக்கூடங்களில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் போதித்து வரும் உங்களிற் பலரை நான் நேரில் அறிவேன். நேரில் அறியாதவர்களையும், ஒரே தொழிலைச் செய்தவன் என்ற உறவினால், என் குடும்பத்தைச் சேர்ந்தவர்களாகவே பாவித்து வருகிறேன். நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்று இப்பொழுது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஓர் உபாத்தியாயன் என்பதைத் தவிர, உங்களுக்கு எழுத எனக்கு வேறு அதிகாரம் கிடையாது. பாடத்திட்டத்தைப் பற்றியோ, பரீக்ஷை முறைகளைப் பற்றியோ, சம்பள விகிதங்களைப் பற்றியோ நான் இங்கே பேசப் போவதில்லை. அவற்றைப் பேசுவதற்குச் சங்கங்களும் சபைகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளை வகுப்பிலே தவறு செய்யும்போது, அந்தத் தவறு ஆசிரியரின் கண்ணிற் பட்டதற்கும் அவருடைய வாயிலிருந்து முதற் சொல் புறப்படுவதற்கும் நடுவே சிறியதோர் அவகாசம் இருக்கிறதே, அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அந்த அவகாசத்தில் ஆசிரியர் செய்யும் நிச்சயத்தைப் பொறுத்தே அன்று அப்பிள்ளை பாடத்தைக் கற்றுக்கொள்வதும் பயத்தைக் கற்றுக்கொள்வதும் இருக்கின்றன என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

சில வாரங்களுக்கு முன், எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் அம்மையார் ஒருவர், மூன்றாம் வகுப்பிற் படிக்கும் தம் மகளின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் முழுவதும் கழித்தற் கணக்குகள். எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையினால் பெருக்கற் குறி. அடியிலே பெரியதொரு பூஜ்யம். அதன் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். 63இலிருந்து 28ஐக் கழித்துக் குழந்தை 45 என்று எழுதியிருந்தாள். 402இலிருந்து 157ஐக் கழித்து 355 என்றும், 510இலிருந்து 234ஐக் கழித்து 324 என்றும் எழுதியிருந்தாள். விடைகள் முறையே 35, 245, 276 என்று இருக்க வேண்டும். நான் அவளை அருகே உட்கார வைத்து, முதற் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடியும் போடச் சொன்னேன். “மூணுலேர்ந்து எட்டு போகாது தாத்தா, அதனாலே எட்டுலேர்ந்து மூணைக் கழிச்சேன், அஞ்சு” என்றாள். ஒவ்வொரு கணக்கிலும், ஒவ்வொரு இலக்கத்திலும், அவள் இதையே ஒரு பிசகுமின்றிச் செய்திருந்தாள்: மேலே இருப்பது சிறியதானால், கீழே இருக்கும் பெரியதிலிருந்து அதைக் கழித்துவிடுவது. முதல் வகுப்பில் யாரோ ஓர் ஆசிரியை, பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த வயதுக்கு அது சரியான உபதேசமே. அந்த உபதேசத்தை இரண்டு வருஷம் சிரத்தையோடு காப்பாற்றி வந்ததன் பயனாக இக்குழந்தைக்குப் பூஜ்யம் கிடைத்தது. கவனம் குறைந்த கையினால் இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யவே முடியாது.

பத்து ரூபாய் நோட்டுகள் ஆறும் ஒரு ரூபாய் நாணயங்கள் மூன்றும் அவள் கையிற் கொடுத்து, எனக்கு இருபத்தெட்டு ரூபாய் தா என்று கேட்டேன். இரண்டு நோட்டுகளை எடுத்து வைத்தாள்; நாணயங்களைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்; பிறகு, “சில்லறை மாத்தணும்” என்று ஒரு நோட்டை நீட்டினாள். கடன் வாங்கிக் கழிப்பது என்று நாம் வகுப்பில் சொல்வதன் பொருளை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய கணக்கு நோட்டைத் திருத்திய ஆசிரியர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது நோட்டுகளை ஒரே இரவில் திருத்திய களைப்பில், விடையைப் பார்த்தார். விடை வந்த வழியைப் பார்க்க அவருக்குப் போது இல்லை. ஆனால் வழியைப் பார்க்காமல் இட்ட பூஜ்யத்தினால் அக்குழந்தை என்ன தெரிந்துகொண்டாள்? தான் கவனமில்லாதவள் என்று தெரிந்துகொண்டாள். 63இலிருந்து 28ஐக் கழிப்பது எப்படி என்பதை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இத்தகைய ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிடச் சற்று அதிகம். வீட்டிலே தமிழ், தெருவிலும் விளையாட்டிலும் வங்காளி, பள்ளியிலே ஆங்கிலம், அதோடு ஹிந்தியும் சேர்ந்து, எட்டு வயதுக்குள் நான்கு பாஷைகளின் சுமையை இவர்கள் தாங்குகிறார்கள். தமிழ் நெடுங்கணக்கில் ஒரே ‘க’ செய்யும் வேலையை வங்காளியில் நான்கு எழுத்துகள் பகிர்ந்துகொள்கின்றன. டிக்டேஷன் எழுதும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், ‘பாத்’ என்னும் சொல்லின் முதலெழுத்தில் மூச்சு கலந்து வருவதைச் செவியில் வாங்காமல், சோற்றைக் குறிக்க வேண்டிய இடத்தில் வாதநோயைக் குறிக்கும் சொல்லை எழுதிவிடுகிறான். வகுப்பு சிரிக்கிறது. அவனுடைய மாஸ்டர்மொஷாய் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டால், அவன் அடுத்த தினம் முதல் மெல்லிய குரலில், எவர் காதிலும் விழாதபடி படிக்கத் தொடங்குவான். வாய்க்கு முன்னே கையை வைத்துப் பார், இந்த எழுத்துக்குக் காற்று வந்து கையில் மோதும், அந்த எழுத்துக்கு மோதாது என்று காட்டிக் கொடுத்தால், அன்று மாலையே தன் தாய்க்கும் அதைக் கற்றுக்கொடுப்பான். இதற்கு மறுதலையாக, வினைச்சொல்லில் ஆண் பெண் பேதமே அறியாத வங்காளிப் பிள்ளைகள் ஹிந்தி வாக்கியங்களில் தடுமாறுவதை உங்களிற் பலர் தினமும் கேட்கிறீர்கள். அவர்களுடைய தவறும் அவர்களுடைய தாய்மொழியிலிருந்தே பிறக்கிறது. தவறு எந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தது என்று விசாரிப்பவரே அதைத் திருப்பி அனுப்பும் வழியையும் அறிவார்.

நாம் பிழைக்க வந்த இந்நகரத்தில், மாணவனாக இருந்து பட்ட துன்பத்தை ரவீந்திரநாத் தாகூரைப் போல் நுணுக்கமாக எழுதிவைத்தவர் வேறு ஒருவர் இல்லை. ஜோடாசாங்கோவில் செல்வக் குடும்பத்திற் பிறந்த அக்குழந்தை, ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர்ஸ் என்று பள்ளி மாற்றிப் பள்ளி சென்றும் எதிலும் நிலைக்கவில்லை. 1912இல் வெளியான ‘ஜீவன்ஸ்ம்ருதி’ என்ற தம் நினைவுக் குறிப்புகளில், ஓரியண்டல் செமினரியில் என்ன படித்தேன் என்பது நினைவில்லை, தண்டித்த விதம் மட்டும் நினைவிருக்கிறது என்று அவர் கூறுகிறார்: பாடம் ஒப்பிக்காத பையனைப் பெஞ்சியின்மேல் ஏற்றி, இரு கைகளையும் நீட்டச் செய்து, விரித்த உள்ளங்கைகளின்மேல் வகுப்பிலுள்ள கற்பலகைகளை அடுக்குவார்களாம். இப்படித் தாங்கும் சக்தியைப் பழக்குவதனால் அது வெளியிலிருந்து உள்ளே இறங்குமா என்ற கேள்வியை, மனோதத்துவ அறிஞரின் ஆராய்ச்சிக்கே விட்டுவிடுகிறார் கவி.

அதைவிட என் நெஞ்சைத் தொடுவது அவர் சொல்லும் மற்றொரு விஷயம். மாணவனாக மட்டும் இருக்கும் சிறுமையைப் பொறுக்கமாட்டாமல், அந்தச் சிறுவன் தன் வீட்டுத் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் சொந்தமாக ஒரு வகுப்பு ஏற்படுத்திக்கொண்டான். தாழ்வாரக் கிராதியின் மரக்கம்பிகளே மாணவர்கள். இவன் கையிற் பிரம்புடன் நாற்காலியில் உட்கார்ந்த வாத்தியார். எந்தக் கம்பி நல்ல பையன், எது கெட்ட பையன், எது புத்திசாலி, எது மூடன் என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. கெட்ட கம்பிகளுக்கு ஓயாத அடி. அடிபட்டு அடிபட்டு அவற்றின் வடிவம் கோரமாக ஆக ஆக, வாத்தியாருக்கு அவற்றின்மேல் ஆத்திரமும் அதிகமாயிற்றாம். ஆசிரியர்களிடமிருந்து கல்வியை வாங்கிக்கொள்ளப் பெரும் பிரயாசை வேண்டியிருந்தது, அவர்களுடைய பொறுமையின்மையையும் பாரபக்ஷத்தையும் வாங்கிக்கொள்ள ஒரு பிரயாசையும் வேண்டியிருக்கவில்லை என்று பிற்காலத்தில் அவர் உணர்ந்து எழுதினார். நண்பர்களே, இதை நின்று யோசிக்க வேண்டும். நாம் பாடம் நடத்துவதாக எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும், நாற்பது ஜோடிக் கண்கள் நம் சுபாவத்தைப் பாடம் செய்துகொண்டிருக்கின்றன. வடுப்பட்ட கம்பியின்மேல் மேலும் ஆத்திரம் வருவதும் எவ்வளவு உண்மை! நேற்று நம்மால் அவமானப்பட்டவன் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அம்முகத்தைக் கண்டு, இவன் திமிர் பிடித்தவன் என்று இன்னும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்கிறோம்.

நார்மல் ஸ்கூலில் ஓர் ஆசிரியர் இழிந்த பாஷை பேசுபவராக இருந்தார். அவர்மேல் மரியாதை இல்லாமற் போனதனால், அவர் கேட்ட கேள்வி எதற்கும் பதில் சொல்வதில்லை என்று வைராக்கியம் பூண்டு, சிறுவன் ரவீந்திரன் வருஷம் முழுவதும் வகுப்பின் கடைசியில் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தான். ஆண்டு முடிவில் மதுசூதன வாசஸ்பதி என்ற பண்டிதர் வங்காளிப் பரீக்ஷை நடத்தியபோது முதல் மார்க்கு வாங்கியவன் அவனே. பரீக்ஷகர் பாரபக்ஷம் காட்டிவிட்டார் என்று வகுப்பாசிரியர் முறையிட, மேற்பார்வையாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க மறு பரீக்ஷை நடந்தது. அதிலும் அவனுக்கே முதலிடம். ஒரு வருஷ காலம் தினந்தோறும் கண்முன் இருந்த பிள்ளையின் திறமை, அவனுடைய ஆசிரியருக்குத் தெரியாமலே இருந்துவிட்டது! வாய்திறவாத பிள்ளை ஒன்றும் அறியாதவன் என்று நாம் எத்தனை தடவை முடிவு கட்டியிருக்கிறோம்?

செயின்ட் சேவியர்ஸில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் வேறு வகையினர். பாதிரியார் தெ பெனெராண்டா என்பவர் ஸ்பெயின் தேசத்தவர். ஆங்கில உச்சரிப்பு சரியாக வராததனால் மாணவர்கள் அவர் பேச்சைப் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் எழுத்து வேலைக்கான வேளையில், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, ரவீந்திரனுடைய பேனா நின்றுவிட்டது. மனம் எங்கேயோ சென்றுவிட்டது. பெஞ்சிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த பாதிரியார் அதைக் கவனித்திருக்க வேண்டும். பின்னால் வந்து நின்று, குனிந்து, தோளில் மெல்லக் கையை வைத்து, உனக்கு உடம்பு சரியில்லையா என்று பரிவோடு கேட்டார். அவ்வளவே. மிகச் சாதாரணமான அந்தக் கேள்வியை ஆயுள் முழுவதும் மறக்க முடியவில்லை என்று, பல ஆண்டுகள் கழிந்த பிறகும் கவி எழுதுகிறார். அந்தப் பாதிரியார் பேனா நின்றதைக் காணாதவர்போல் விட்டுவிடவில்லை; சோம்பேறி என்று தீர்ப்பும் சொல்லவில்லை. காரணம் என்ன என்று கேட்டார். நான் உங்களிடம் யாசிப்பது இந்த ஒன்றைத்தான்.

இன்னொரு செய்தியும் ஈசுவர சந்திர வித்யாசாகரரின் நகரத்திலேயே நமக்குக் கிடைக்கிறது. 1855இல் அவர் எழுதிய ‘வர்ண பரிசயம்’ என்ற பாலபாடத்தில் கோபாலன் என்ற நல்ல பையனும் ராகாலன் என்ற துஷ்டப் பையனும் வருகிறார்கள். அன்று முதல் வங்காளத்தில் எழுத்தறிந்த ஒவ்வொருவருக்கும் இவ்விரு பெயர்களும் பழக்கம். ஆனால் இளமையில் வித்யாசாகரருடைய சுபாவம் கோபாலனைவிட ராகாலனுக்கே நெருங்கியிருந்தது என்று தாகூரே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஜூன் மாதத்தில் நாம் ராகாலன் என்று முத்திரையிட்ட பையன், டிசம்பருக்குள் எதுவாக மாறுவான் என்று நம்மில் எவர் ஜாதகம் கணிக்க முடியும்?

பிரம்பைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. சட்டமே தெளிவாகப் பேசிவிட்டது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சரீர தண்டனையோடு மனத்தை வருத்தும் கொடுமையையும் சேர்த்தே தடை செய்கிறது. அதே வருஷம் பிப்ரவரி மாதத்தில், இந்நகரத்துப் பழம்பெரும் பள்ளியொன்றில் பிரம்படி பட்ட பதின்மூன்று வயதுச் சிறுவன் சில தினங்களில் தன் உயிரையே மாய்த்துக்கொண்ட துயரம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிரம்பு பெரும்பாலான வகுப்புகளிலிருந்து போய்விட்டது. அதன் வேலையை நாக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே என் கவலை. ‘உங்க அண்ணன் எப்படிப் படிச்சான், நீ ஏன் இப்படி இருக்கே’ என்ற ஒப்பீடும், மார்க்குகளை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்துக் கடைசிப் பெயருக்கு முன் சிறிது நிறுத்துவதும், சட்டத்தின் அந்த இரண்டாம் பாதிக்குள் வருபவை என்பதை மறந்துவிடலாகாது.

திருத்துவதைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், ஊக்குவிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆராய்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே காரியமாகவே எனக்குத் தோன்றுகின்றன. காலேஜ் தெருவில் ஹிந்து பள்ளி, சம்ஸ்கிருதக் கல்லூரி, ஹேர் பள்ளி, பிரெஸிடென்ஸி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அவற்றுள் ஹிந்து பள்ளியில் சத்யேந்திரநாத் போஸ் படித்த காலத்தில், உபேந்திரநாத் பக்ஷி என்ற கணித ஆசிரியர் அவருக்கு நூற்றுக்கு 110 மார்க்குகள் அளித்தார் என்ற வரலாறு வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதெப்படி என்று தலைமையாசிரியர் வினவியபோது, இப்பையன் சில கணக்குகளை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் போட்டிருக்கிறான் என்று அவர் பதில் சொன்னாராம். எல்லோரும் அந்த 110ஐ வியக்கிறார்கள்; நான் வியப்பது அந்த ஆசிரியர் விடைத்தாளைப் படித்த விதத்தை. விடையை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு கணக்குக்கு ஒரே மார்க்குத்தான். வழியைப் பார்ப்பவருக்கே அது இரண்டு வழியாகப் போடப்பட்டிருப்பது தெரியும். பூஜ்யம் வாங்கிய குழந்தையின் நோட்டையும் பக்ஷி மாஸ்டரிடம் கொடுத்திருந்தால், பெரியதிலிருந்து சின்னது என்ற அவளுடைய விதியை முதல் இரண்டு கணக்குகளிலேயே கண்டுபிடித்திருப்பார். அந்த மாணவர் பிற்காலத்தில் தாமே ஆசிரியராகி, டாக்காவில் பிளாங்கின் விதியைக் கற்பிக்கும்போது, அது நிறுவப்பட்ட முறையில் திருப்தி கொள்ளாமல், புதியதொரு வழியிலே அதைக் கண்டடைந்து, 1924இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதி அனுப்பினார். ஒரே விடைக்கு மற்றொரு வழி உண்டா என்று தேடும் மனத்துக்குப் பள்ளிப் பருவத்திலேயே கிடைத்த கௌரவம் அந்தப் பத்து மார்க்கு.

பிரெஸிடென்ஸியில் போஸுக்கும் மேகநாத் சாஹாவுக்கும் ஆசிரியராக விளங்கிய ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய், புகழின் உச்சியில் இருந்தபோதும் கல்லூரியின் தொடக்க வகுப்புகளைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார். நம் பள்ளிகளிலோ அனுபவம் முதிர்ந்தவர்கள் மேல் வகுப்புகளுக்குப் போய்விடுகிறார்கள். எழுத்தும் எண்ணும் தொடங்கும் வகுப்பு, நேற்றுச் சேர்ந்தவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. தவறுகள் வேரூன்றும் காலம் அந்தத் தொடக்க காலமே என்பதை நிர்வாகிகளிடம் எடுத்துச் சொல்லும் கடமை உங்களில் மூத்தவர்களுக்கு உண்டு.

பாராட்டு விஷயத்தில் இன்னொன்று. இப்பொழுது ‘குட்’, ‘வெரி குட்’ என்ற ரப்பர் முத்திரைகளும் நக்ஷத்திர ஒட்டிகளும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன; எல்லாப் பக்கத்திலும் அவற்றைப் பதிப்பது குழந்தைகளுக்கு உற்சாகம் தரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். சில நாள் தரும். பிறகு குழந்தை அதைப் பார்ப்பதுகூட இல்லை. ‘மழையில் டிராம் நின்றுபோனதைப் பற்றி நீ எழுதிய மூன்றாவது வாக்கியம் நன்றாயிருக்கிறது, அங்கே நீ கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறாய்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த மாணவி அடுத்த கட்டுரையில் கண்ணால் கண்டவை நான்கு கொண்டுவருவாள். எது நன்றாக இருந்தது என்று சொல்லாத பாராட்டு, எது தவறு என்று சொல்லாத பூஜ்யத்துக்கு உடன்பிறப்பு.

தமிழர்களாகிய நமக்கு இந்நகரத்தோடு உள்ள குரு சிஷ்ய சம்பந்தம் சாமானியமானதன்று. சி. வி. ராமன் 1917 முதல் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தார். வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணன் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார். திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921இல் இங்கே தத்துவப் பேராசிரியராக வந்தார். மைசூரிலிருந்து அவர் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை ரயிலடிவரை இழுத்துச் சென்றார்கள் என்பது பிரசித்தம். ஆனால் நான் முக்கியமாக நினைவூட்ட விரும்புவது பாரதியார் நிவேதிதா தேவியைச் சந்தித்த நிகழ்ச்சி. காங்கிரஸ் மகாசபைக்காக வடநாடு வந்த பாரதியார், இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன வாலிபர், பாக்பஜாரில் பெண் பள்ளிக்கூடம் நடத்திவந்த அந்த அம்மையாரைத் தரிசித்தார். உம்முடைய மனைவி எங்கே, ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் விசாரிக்க, அப்படி அழைத்து வருவது எங்கள் சமூகத்தில் வழக்கமில்லை என்று பாரதியார் விடையளித்தார். சமூகத்தில் சரிபாதியை அடிமையாக வைத்துக்கொண்டு மறுபாதி சுதந்திரம் பெறுவது எப்படி என்று நிவேதிதா திருப்பிக் கேட்டார் என்று பாரதியாரின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த அம்மையார் வசை பாடவில்லை. நீண்ட உபந்நியாசமும் செய்யவில்லை. மாணவரே விடை தேடிக்கொள்ளும்படியான ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினார். விடையைத் தேடிக் கண்டவர் 1908இல் தம் ‘ஸ்வதேச கீதங்க’ளையும், அடுத்த ஆண்டில் ‘ஜன்மபூமி’யையும் அவருக்கே சமர்ப்பணம் செய்தார், தமிழ்நாட்டுப் பெண்கள் அடைந்த லாபமோ கணக்கிலடங்காது. திருத்தம் என்பது கேள்வி வடிவம் எடுக்கும்போது, மாணவனுடைய கௌரவத்துக்குக் குறைவு வராமலே காரியம் நடந்துவிடுகிறது.

உங்களில் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹென்றி டிரோஸியோ இந்நகரத்து ஹிந்து கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தபோது வயது 17. மாணவர்களிற் சிலர் ஏறக்குறைய அவர் வயதினர். எந்த விஷயத்திலும் இரண்டு பக்கத்து நியாயங்களையும் தர்க்கித்துப் பார்க்கும்படி அவர்களைப் பழக்கினார். அதனால் 1831இல் பதவி விலக நேர்ந்தது. அவ்வருஷ முடிவிலேயே வாந்திபேதிக்கு இரையாகி 22 வயதில் மாண்டார். மாணவன் மறுத்துப் பேசுவதனால் தம் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சும் புதிய ஆசிரியர்கள், நான்கைந்து வருஷமே கற்பித்த அவருடைய பெயரை இந்நகரம் இன்றும் மறவாதிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு இலக்கணம் வகுத்ததோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவர் யார் என்பதையும் நான்கு உவமைகளால் கூறியிருக்கிறார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு: ஒருவன் தண்ணீர் விட்டு வளர்க்க, வேலிக்கு அப்பால் சாய்ந்து, வேறொருவன் முற்றத்தில் காயை உதிர்க்கும் தென்னை. பள்ளியில் அரைகுறையாக விளக்கிவிட்டு, முழு விளக்கத்தையும் மாலை டியூஷனுக்கு வருபவர்களுக்கு வைத்திருக்கும் வழக்கம் இந்நகரத்தில் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் ஆசிரியர்களில் ஒருவரேனும் அந்தத் தென்னையாக இருக்கக் கூடாது என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முன் பெஞ்சியில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் கை உயர்த்தும் ஐந்தாறு பேருக்கே வகுப்பை நடத்திச் செல்வதும் அதே சாய்வின் மற்றொரு வகை.

உங்கள் கஷ்டங்களை நான் அறியாதவன் அல்லேன். ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர். நாற்பது நிமிஷத்தில் மணி அடித்துவிடும். பாடங்களை முடிக்காவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி. மார்க்கு குறைந்தால் பெற்றோரிடமிருந்து கேள்வி. இவற்றோடு நிரப்ப வேண்டிய படிவங்கள் வேறு. ஒவ்வொரு தவற்றுக்கும் ஊற்றுக்கண்ணைத் தேடிக்கொண்டிருந்தால் வருஷம் போதாது என்று நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தவறுகள் எண்ணிறந்தவை போலத் தோன்றினாலும், அவற்றின் காரணங்கள் மிகச் சிலவே. ஒரு பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் செய்து ஒரு காரணத்தைக் கண்டுவிட்டால், அதே வகுப்பில் இன்னும் பல பிள்ளைகள் அதே இடத்தில் வழுக்கி விழுந்திருப்பது புலப்படும். ஒரே விளக்கத்தில் அத்தனை பேரையும் தூக்கிவிடலாம். ஒரு பெயரும் சொல்லாமல் கரும்பலகையில் அந்தத் தவற்றை எழுதி, இப்படி ஒருவர் செய்தால் அவர் மனத்தில் என்ன நினைத்திருப்பார் என்று வகுப்பையே கேட்டுப் பாருங்கள். தவறு செய்தவர்கள் தங்களை மறந்து ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள். நோட்டுகள் அனைத்தையும் தினமும் நுணுகிப் படிக்க இயலாதாயின், நாளொன்றுக்கு ஐந்து நோட்டுகளை மட்டும் வழியோடு சேர்த்துப் படியுங்கள்; இரண்டு வாரத்துக்குள் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை நோட்டுக் கட்டின் முன் உட்காரும்போது, பிழையான விடை ஒன்றின் பக்கத்திலேனும், ‘இதை எப்படிச் செய்தாய் என்று நாளை எனக்குச் சொல்’ என்று எழுதும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளை சொல்வதை முடிவு வரையில் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதையும், அதன் பிறகு நீங்கள் செய்ததையும் எனக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நம்மவர்கள் கூடும் இடத்தில் அவற்றையெல்லாம் தொகுத்து வாசித்து, புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கு ஒரு கையேடாகச் செய்து கொடுக்க உத்தேசித்திருக்கிறேன். உங்கள் கடிதங்களை எதிர்பார்த்திருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவன்,
கல்கத்தா